மட்டக்களப்பு மாவட்டம்: நிலம், சபைகள், பிழைப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், இங்கே இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர்கள், படிப்புக்காகத் தகவல் தேடும் மாணவர்கள் என்று பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலதுக்குப் பதில் நீளம், சிலதுக்கு இரண்டு வரி போதும். எனக்கு அபிப்பிராயம் உள்ள இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

மாவட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

வடக்கே வெருகல் ஆறு, அதற்கு அப்பால் திருகோணமலை மாவட்டம். தெற்கே துறைநீலாவணை, அதைத் தாண்டிப் பெரியநீலாவணைக்குப் போனால் அம்பாறை மாவட்டம். மேற்கே பொலன்னறுவை, தென்மேற்கே மறுபடியும் அம்பாறை. கிழக்கே கடல். பரப்பளவு 2,854 சதுர கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தண்ணீர்.

1961 வரைக்கும் அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து முதியவர்கள் இன்றைக்கும் தங்கள் ஊரை மட்டக்களப்பு என்று சொல்வது அதனால்தான். அம்மன் சடங்கு, கூத்து, தாய்வழிக் குடிமுறை எல்லாம் எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே கிடக்கின்றன.

எழுவான்கரை, படுவான்கரை என்கிறார்களே, அது என்ன?

இந்த மாவட்டத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்டத்தின் நடுவே மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை.

எழுவான்கரையில்தான் நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊரோடு ஊர் முட்டிக்கொண்டு நிற்கிறது. போதனா வைத்தியசாலை, பெரிய பாடசாலைகள், வங்கிகள், நீதிமன்றம் எல்லாம் இந்தப் பக்கம். காத்தான்குடியில் ஆறேழு சதுர கிலோமீட்டருக்குள் சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். மேற்கே கிரானையும் வடக்கே வாகரையையும் எடுத்தால் ஒவ்வொன்றும் 500 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆனால் மக்கள் இருபதாயிரத்தைச் சுற்றித்தான்.

நெல், பால், மணல், விறகு, ஆற்று மீன், குடிதண்ணீர் எல்லாம் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு வருகின்றன. பதிலுக்குப் படுவான்கரை மனிதர் ஒரு கையெழுத்துக்காகவும் ஒரு ஸ்கேனுக்காகவும் வாவியைக் கடந்து வருகிறார். போர்க்காலத்தில் இந்தக் கோடு இன்னும் கடுமையாக இருந்தது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் நகரம் இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும் இருந்ததால், வவுணதீவுச் சோதனைச்சாவடி ஒரு நாட்டு எல்லை மாதிரியே இருந்தது. அந்த வருடங்களில் கட்டப்படாத பாடசாலையும் போடப்படாத தெருவும் இன்றைக்கும் பாக்கியாகவே கிடக்கின்றன. மாவட்டத்துக்கு இவ்வளவு நிதி வந்தது, இவ்வளவு வளர்ச்சி என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கரைக்கு என்பதுதான்.

வாவி கடலோடு எங்கே சேர்கிறது? முகத்துவாரம் வெட்டுவது என்றால் என்ன?

இரண்டு இடத்தில். வடக்கே வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறையும்போது கடல் மணலை அள்ளிக் கொட்டி வாயை மூடிவிடும். மாரியில் மேற்கே பெய்யும் மழை முழுக்க முந்தானை ஆறு வழியாகவும் சின்ன ஆறுகள் வழியாகவும் வாவிக்குள் இறங்கும். வாய் மூடியிருந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் படுவான்கரை வயல்களுக்குள் ஏறும். அப்போதுதான் மணல் திட்டை வெட்டித் திறப்பார்கள்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் சிக்கல். வயல்காரருக்கு இன்றைக்கே வெட்டவேண்டும், குடலைப் பருவத்து, அதாவது கதிர் வெளிவர முந்தின பயிர் நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும். வாவி மீனவருக்கு அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் வளர முன்னமே தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். மாவட்டச் செயலகத்தில் விவசாயம், நீர்ப்பாசனம், மீன்பிடித் திணைக்களங்கள் எல்லாம் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அந்த மேசையில் வலை வீசும் மனிதரின் குரல் வயல் சங்கங்களின் குரல் அளவுக்கு உரத்துக் கேட்பதில்லை என்பது என் எண்ணம். மழைக்கு முன்னமே, எந்த நீர்மட்டத்துக்கு வந்தால் வெட்டுவது என்று இரு பகுதியும் ஒத்துக்கொண்டு எழுதி வைப்பது நல்லது.

மழை, வெயில், அனர்த்தம்?

மழை என்றால் வடகீழ் பருவக்காற்று, நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை. வருடம் 1,600 மில்லிமீட்டரைச் சுற்றிப் பெய்யும், அதில் பெரும்பகுதி இந்த நான்கு மாதத்துக்குள். மேயிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று, மேற்கிலிருந்து காய்ந்து வரும், கிணறு வற்றும்.

1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் இன்னும் அதையே ஆண்டுக் கணக்காக வைத்துப் பேசுவார்கள், "சூறாவளிக்கு முந்தின வருஷம்" என்று. தென்னந்தோட்டங்கள் அப்படியே படுத்துப்போயின. 2004 டிசெம்பர் 26 சுனாமி எழுவான்கரையை அடித்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருந்த நாவலடியில் வீடு என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. இந்த மாவட்டத்தில் 2,800 பேரளவில் இறந்தார்கள், பக்கத்து அம்பாறையில் பத்தாயிரத்துக்கு மேல், நாட்டிலேயே அதிகம். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளம் படுவான்கரையை அடித்தது, அறுவடைக்கு நின்ற நெல் போனது. சுனாமிக்கு உலகமே வந்தது. வெள்ளத்துக்கு அந்த அளவுக்கு யாரும் வரவில்லை, வெள்ளமோ இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கிறது.

வாவியை எப்படிக் கடக்கிறார்கள்?

கல்லடிப் பாலம் எல்லோருக்கும் தெரியும். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், அந்தக் காலத் தேசாதிபதியின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம். பாடும் மீன் சத்தத்தைக் கேட்க நிலாக் காலத்தில் தோணியில் போவது இந்தப் பாலத்தடிக்குத்தான். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள்.

படுவான்கரைக்குப் போவதற்கு வடக்கே வலையிறவுப் பாலம், தெற்கே பட்டிருப்புப் பாலம். இரண்டுக்கும் நடுவில் நெடுங்காலம் ஒன்றுமே இல்லை, மண்முனையில் பாதைதான். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கொண்டுபோகும் மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறோம். 2014இல் யப்பான் உதவியோடு மண்முனைப் பாலம் வந்ததும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தின் போக்கே மாறிவிட்டது. பிரசவ வலி வந்த பெண்ணைப் பாதைக்காகக் காத்து வைத்திருந்த நிலைமை போனது. பால்காரர் காலையிலேயே நகரத்துக்கு வந்து திரும்ப முடிகிறது. மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் காணி விலையும் ஏறிவிட்டது.

குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் போன்ற துறைகளில் இன்னும் பாதைதான். காற்று அடித்தால் நிற்கும், இரவில் ஓடாது. மண்டூரில் இருந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை கண்ணுக்குத் தெரிகிற தூரம், தெருவால் சுற்றிப் போனால் வேறு கணக்கு.

யார் வாழ்கிறார்கள்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி 5 லட்சத்து 25 ஆயிரத்துக்குச் சற்று மேல். நூற்றுக்கு 72 பேர் தமிழர், 25 பேர் முஸ்லிம்கள், மீதி சிங்களவரும் பறங்கியரும். பறங்கியர் போர்த்துக்கீச, ஒல்லாந்த வழிவந்தவர்கள், தச்சுவேலையில் பேர் போனவர்கள், அவர்களில் முதியவர்கள் வீட்டில் பேசும் போர்த்துக்கீசக் கிரியோல் மொழி வேகமாக மறைந்துகொண்டு வருகிறது. வேடர் வழிவந்த குடிகளும் வாகரைக் கரையோரத்தில் உண்டு.

தமிழ், முஸ்லிம் ஊர்கள் எழுவான்கரையில் மாறி மாறி வரும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று முன்னோர் சொன்னது இந்த நெருக்கத்தைத்தான். 1990இல் இரண்டு பக்கமும் பட்ட காயம் ஆழமானது, அதை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. இருந்தாலும் படுவான்கரை நெல் காத்தான்குடி, ஏறாவூர் வியாபாரிகளிடம் போவதும், அங்கிருந்து துணியும் கடனும் இங்கே வருவதும் ஒருநாளும் முற்றாக நிற்கவில்லை.

ஜி.ஏ., டி.எஸ்., பிரதேச சபை – யாரிடம் எதற்குப் போவது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, மிக அதிகமாக மக்கள் அலைக்கழிக்கப்படுவதும் இதில்தான். ஒரே பிரதேசத்தில் மூன்று அரசாங்கம் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிறது.

முதலாவது மத்திய அரசு. அதன் ஆள் அரசாங்க அதிபர் (ஜி.ஏ.), அதாவது மாவட்டச் செயலாளர். அவருடைய அலுவலகம்தான் கச்சேரி. நெடுங்காலம் புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது, 2024இல் திராய்மடுவில் புதிய கட்டிடம் திறந்தார்கள். அவருக்குக் கீழே பிரதேச செயலாளர்களின் (டி.எஸ்.) 14 பிரதேச செயலகங்கள், அவற்றுக்குக் கீழே கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பிரதிகள், அடையாள அட்டை விண்ணப்பம், அரச காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, வாகன வரிப்பத்திரம், அனர்த்த நிவாரணம் எல்லாம் இந்த வரிசையில். தொடக்கம் எப்போதும் உங்கள் ஜி.எஸ்., அதாவது கிராம உத்தியோகத்தர் (கிராம சேவகர்).

இரண்டாவது மாகாண சபை, தலைமைச் செயலகம் திருகோணமலையில். தேசிய பாடசாலை தவிர்ந்த பாடசாலைகள், ஆதார வைத்தியசாலையும் அதற்குக் கீழே உள்ளவையும், மாகாணத் தெருக்கள், கூட்டுறவு போன்றவை.

மூன்றாவதுதான் உள்ளூராட்சி, நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. குப்பை, தெருவிளக்கு, உள்ளூர்த் தெரு, வடிகால், சந்தை, நூலகம், மயானம், விளையாட்டு மைதானம், கட்டிட அனுமதி, வியாபார உரிமம், சோலைவரி (வீடு, கட்டிடங்களுக்கான வரி).

தெரு உடைந்தால் யாரிடம் போவது என்பதுதான் தலையிடி. ஏ, பி வகைத் தெரு என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாணம். மிச்சம் சபை. வயலுக்குப் போகும் தெரு கமநல சேவைத் திணைக்களத்தின் பொறுப்பாகவும் இருக்கலாம், குளக்கட்டுத் தெரு என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். ஆகையால் முறைப்பாடு எழுத முன்னம் தெருவின் வகையைப் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அவரிடம் பட்டியல் இருக்கும். பிழையான அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து ஒரு மாரி முழுக்கக் காத்திருந்த சங்கங்கள் நிறைய.

எத்தனை சபை? தேர்தல் எப்படி நடக்கிறது?

12 சபைகள். மட்டக்களப்பு மாநகர சபை ஒன்று, காத்தான்குடி, ஏறாவூர் என்று நகர சபை இரண்டு, பிரதேச சபை ஒன்பது: கோறளைப்பற்று, கோறளைப்பற்று வடக்கு, கோறளைப்பற்று மேற்கு, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, மண்முனை தெற்கு எருவில்பற்று, போரதீவுப்பற்று.

2018இல் இருந்து கலப்பு முறை. 60 வீதம் உறுப்பினர் வட்டாரத்தில் வென்று வருவார்கள், 40 வீதம் கட்சிகள் எடுத்த மொத்த வாக்கின்படி. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு. இந்த முறையால் ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, தவிசாளர் தெரிவிலேயே பேரம் தொடங்கிவிடுகிறது. ஆனால் இந்த முறை வந்த பிறகுதான் எங்கள் பிரதேச சபைகளில் பெண்கள் சும்மா ஒருவர் இருவர் என்றில்லாமல் கூட்டமாக உட்கார்ந்தார்கள், அதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, தேர்தல் தள்ளித் தள்ளிப்போய், கடைசியில் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடமும் செயலாளர்கள்தான் நடத்தினார்கள்.

பிரதேச செயலகம் 14, சபை 12. ஏன் பொருந்தவில்லை?

கோறளைப்பற்று தெற்குக்கும், அதாவது கிரானுக்கும், கோறளைப்பற்று மத்திக்கும் செயலகம் உண்டு, தனிச் சபை இல்லை. கிரான் போன்ற அகலமான பிரதேசத்து மக்களுக்கு இது சின்ன விஷயமில்லை. தங்கள் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் வாழைச்சேனையில் பெரும்பான்மையாக உள்ள உறுப்பினர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் எல்லைப் பிரச்சினை. எந்தக் கிராம சேவகர் பிரிவு எந்தச் செயலகத்துக்கு என்று ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்தில் வருடக்கணக்காகத் தமிழ், முஸ்லிம் தரப்புகளுக்கு இடையில் இழுபறி. கல்முனையிலும் இதே மாதிரி ஒன்று தீராமல் கிடக்கிறது. காணியும் வாக்கும் ஒன்றாகக் கலந்திருப்பதால் இதை ஒரு சுற்றறிக்கையால் தீர்க்க முடியாது, ஊர் ஊராக உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்.

சபைகளுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

சோலைவரி, சந்தை வாடகை, உரிமக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை, மாகாணத்தின் ஊடாக வரும் சம்பள மானியம். கடைத்தெரு உள்ள சபைக்கு வரும்படி உண்டு. படுவான்கரையில் உள்ள வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்துச் சபைகளுக்குக் கடையுமில்லை, சோலைவரி அறவிடக்கூடிய நெருக்கமான குடியிருப்புமில்லை, ஆனால் பராமரிக்கத் தெரு மட்டும் ஏராளம். மாவட்டத்தின் சோற்றை விளைவிக்கும் சபைகள்தான் இங்கே ஏழைச் சபைகள்.

மாகாண சபை இப்போது இருக்கிறதா?

நிர்வாகம் இருக்கிறது, மக்கள் பிரதிநிதிகள் இல்லை. 1988இலிருந்து வடக்கோடு இணைந்திருந்த கிழக்கு, 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2007 ஜனவரியில் தனி மாகாணமானது. 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 37 உறுப்பினரில் இந்த மாவட்டத்துக்கு 11. 2017இல் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர்தான். பாராளுமன்றத்துக்கு ஐந்து பேர் போகிறார்கள், கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று தேர்தல் தொகுதிகள்.

வேளாண்மை எப்படி நடக்கிறது?

இங்கே வேளாண்மை என்றாலே நெல்தான். பெரும்போகம் மழையை நம்பி, செப்டெம்பர் கடைசியில் தொடங்கி விதைத்து ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெட்டுவது. ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் செய்கிறார்கள், அதில் பெரும்பங்கு மானாவாரி. சிறுபோகம் குளத்துத் தண்ணீர் உள்ள இடத்தில் மட்டும்: உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி, கட்டுமுறிவு. சிறுபோகத்தில் காணியின் பரப்பு பெரிதும் சுருங்கிவிடும்.

போகம் தொடங்க முன்னம் ஆரம்பக் கூட்டம் நடக்கும். வயல் சங்கங்கள், வட்டவிதானைமார் (வயல் வட்டைக்குப் பொறுப்பானவர்கள்), நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர் எல்லோரும் வந்து, எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள் விதைப்பு, எப்போது தண்ணீர் திறப்பு, எந்த நாளைக்கு முன் மாடுகளை வயல் வட்டையிலிருந்து அகற்றுவது என்று தீர்மானிப்பார்கள். அந்தத் தீர்மானம் சட்டப்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும். எந்தச் சபைக் கூட்டத்தையும்விட உள்ளூர் மக்கள் நேரடியாக முடிவெடுக்கும் இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. குத்தகைக்குச் செய்பவர்களும் வயலில் உழைக்கும் பெண்களும் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு என்பதையும் சொல்லவேண்டும். பழைய போடியார் (காணிக்காரர்), முல்லைக்காரர் (அவருடைய வயலில் உழைத்தவர்) முறை போய்விட்டது என்கிறார்கள். பெயர்தான் போயிருக்கிறது, காணி ஒருவரிடமும் உழைப்பு இன்னொருவரிடமும் இருப்பது போகவில்லை.

இவ்வளவு நெல் விளைந்தும் ஏன் வறுமை?

நெல் விளைகிறது, ஆனால் நெல்லாகவே வெளியே போகிறது. குற்றி, அரிசியாக்கி, பெயர் போட்டு விற்பதில் கிடைக்கும் லாபம் பொலன்னறுவைப் பெரிய ஆலைகளுக்கு. வெட்டு நேரத்தில் மெசினும் வெளியிலிருந்து வருகிறது. விதை, பசளை, எண்ணெய் எல்லாம் கடன், கடன்காரர் களத்திலேயே நின்று ஈர நெல்லாக வாங்கிவிடுவார். காயவைத்து வைத்திருக்க எல்லோருக்கும் களமும் இல்லை, களஞ்சியமும் இல்லை.

இன்னொன்று காலம். கிழக்கில்தான் முதலில் அறுவடை தொடங்கும். 2025இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று உத்தரவாத விலை அறிவித்தது பெப்ரவரி தொடக்கத்தில். அதற்குள் இங்கே வெட்டு தொடங்கிவிட்டது, முந்தி வெட்டியவர் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டார். விலையை டிசெம்பரிலேயே அறிவித்து, நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியத்தை ஜனவரி முதல் வாரத்தில் திறந்தால் போதும், ஒரு சதமும் கூடுதல் செலவில்லாமல் எங்கள் ஆட்களுக்குப் பெரிய உதவி. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியதால் பட்ட கடனைச் சிலர் இன்னும் கட்டி முடிக்கவில்லை.

மயிலத்தமடு, மாதவணைப் பிரச்சினை என்ன?

வயல் விதைத்ததும் மாடுகள் எங்கே போகும்? மேற்கே உள்ள மேய்ச்சல் தரைக்கு. மயிலத்தமடு, மாதவணை அப்படிப்பட்ட பெரிய தரை, பட்டிக்காரர், அதாவது மாட்டு மந்தை வைத்திருப்பவர்கள், தலைமுறையாக மாடுகளை அங்கே கொண்டுபோய்ப் பட்டி அடைத்து வந்தார்கள். அந்த நிலத்தில் வெளிமாவட்டத்தவர் பயிர்செய்கைக்காகக் காடு வெட்டிக் குடியேறியதோடு மாடுகள் வெட்டப்படுவதும் சுடப்படுவதும் தொடங்கியது. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். நீதிமன்ற உத்தரவுகள் வந்தன, களத்தில் நிலைமை அதற்கேற்ப மாறவில்லை. அந்தத் தரையை எல்லையிட்டு மேய்ச்சல் தரையாகவே வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும் என்பதுதான் பட்டிக்காரர் கேட்பது. மேய்ச்சல் தரை போனால் மாடு வயலுக்குள் இறங்கும், வயல்காரரும் பட்டிக்காரரும் தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். அதனால் இதைப் பால்காரர் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்க முடியாது. சட்டித் தயிர் வாங்குகிற எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

மீன்பிடி?

கடலில் கரைவலையும் சிறு படகும், வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் படகுகளும். மார்ச்சிலிருந்து ஒக்டோபர் வரை கடல் அமைதி, மாரியில் படுத்துவிடும். அப்போது கை கொடுப்பது வாவி: இறால், நண்டு, கொடுவா, மணலை. வாவி மீன்பிடியில் பெரும் கவலை தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழை வலை. தடைசெய்யப்பட்டது, இருந்தும் பாவிக்கிறார்கள், குஞ்சும் குருமானும் அள்ளுப்படுகிறது. கரையில் கண்டல் மரத்தை வெட்டி மண் போட்டு நிரப்புவது இரண்டாவது. கண்டல் இல்லாத கரையில் இறால் தங்காது. காணி நிரப்புகிறவர் யாராக இருந்தாலும் சபை கட்டிட அனுமதி கொடுக்கக் கூடாது.

தொழிற்சாலை ஏதும் உண்டா?

வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கியது, ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போட்டது. போரும் பழைய இயந்திரமும் சேர்ந்து அதைப் படுக்கவைத்தன, மீளத் தொடங்கும் முயற்சிகள் பழைய அளவுக்கு வரவில்லை. இப்போது ஆடைத் தொழிற்சாலைகள், காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துத் தையலும் நெசவும், அரிசி ஆலைகள், வாகரைப் பக்கம் மரமுந்திரிகை, களுதாவளை வெற்றிலையும் மரக்கறியும். வாகரைக் கரையோரத்தில் இல்மனைட் மணல் அகழும் திட்டத்துக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். தாழ்ந்த கரையில் மணல் மேட்டைத் தோண்டினால் அடுத்த சுனாமிக்கு என்ன தடுப்பு என்ற அவர்கள் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் காசில் பெரும்பகுதி மத்திய கிழக்கிலிருந்து. அதைத் தவிர்த்துவிட்டு மாவட்டப் பொருளாதாரம் பேசுவது வீண்.

பாசிக்குடா?

ஆழமில்லாத, அலையில்லாத குடா, வெகுதூரம் நடந்தே போகலாம். 2010க்குப் பிறகு ஹோட்டல்கள் வரிசையாக வந்தன. காலம் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது உண்மை, பெரும்பாலும் கீழ்மட்ட வேலை. மரக்கறியும் முட்டையும் மீனும் கிரான், வாழைச்சேனையிலிருந்தே போகும்படி ஒப்பந்தம் செய்தால் காசு ஊருக்குள் சுற்றும்.

நகரத்துக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து?

உன்னிச்சைக் குளத்திலிருந்து. வவுணதீவில் சுத்திகரித்து எழுவான்கரைக்கு அனுப்புகிறார்கள். நகரத்தில் கிணற்று நீர் மலசலகூடக் குழிகளால் கெட்டுப்போயிருந்ததால் இந்தத் திட்டம் மிக அவசியமாக இருந்தது. ஆனால் குளத்தை அண்டிய ஊர்களே நீண்டகாலம் குழாய் இல்லாமல் கோடையில் பவுசர் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குளத்தில் தண்ணீர் எடுத்தால் அதன் கரையில் உள்ள ஊருக்கு முதல் குழாய் என்பதை எந்தத் திட்டத்திலும் நிபந்தனையாகப் போடவேண்டும்.

எப்படி வருவது?

கொழும்பிலிருந்து தெருவால் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரயிலில் உதயதேவி, மட்டக்களப்பு கடைசி நிலையம். கல்முனை, பொத்துவில் பக்கத்துக்குத் தண்டவாளம் கிடையாது, பஸ்தான். திருகோணமலைக்கு வாகரை, வெருகல் வழியாக ஏ15.

என் சபையிடம் கணக்குக் கேட்கலாமா?

தாராளமாக. சபைக் கூட்டம் பொதுமக்கள் இருந்து பார்க்கக்கூடியது. வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்கு முன் சபையில் வைக்கப்படும், அதைப் பார்க்கக் கேளுங்கள். பிரதேச சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது, கிராம அபிவிருத்திச் சங்கம் எழுத்தில் கேட்டால் தவிசாளர் சும்மா தட்டிவிட முடியாது.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும், செயலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் உண்டு. தமிழில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அறிவிக்க வேண்டும், மறுத்தால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதற்கு மேல் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கேள்வியைக் குறிப்பாக எழுதுங்கள்: "எங்கள் ஊர்த் தெருவுக்கு என்ன செய்தீர்கள்" என்று எழுதாமல், தெருவின் பெயர், வருடம், ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர், முடித்த திகதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடிதம் கொடுத்த திகதிக்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்கவேண்டாம்.